படபடப்பும் அச்சமும்: பழனி வட்டாரத்தின் ஒரு சிகிச்சை வழக்கம்

பழனிக்கு மேற்கே உடுமலைப்பேட்டைச் சாலையில் அமைந்துள்ள நெய்க்காரப்பட்டி, கரும்புக்கும் வெல்ல வணிகத்துக்கும் பெயர்பெற்ற ஊராயினும், உடல்நலம் குறித்த அதன் பழைய வழக்கங்களைப் பழனி மலையோடு சேர்த்தே ஆராய வேண்டியுள்ளது. வெளிப்படையான காரணம் ஏதுமின்றி நெஞ்சு படபடத்து, கைகால் நடுங்கி, வியர்த்து, உயிர் போய்விடுமோ என்ற அச்சம் மேலிடும் நிலையைத் தமிழகச் சிற்றூர்களில் பலரும் இதயத்தின் கோளாறாகக் கருதுவதற்கு முன் 'பயந்த கோளாறு' என்றே கொண்டனர். எனவே முதலில் நாடப்பட்டது மந்திரித்தல், அதாவது வேப்பிலையாலோ திருநீற்றாலோ தடவி, மந்திரம் சொல்லிப் பயத்தை இறக்குதல். மாலைத் தொழுகை முடியும் வேளையில் பள்ளிவாசல் முன் காத்திருந்து, ஓதி ஊதிய நீரைப் பெற்றுச் செல்வோருள் பிற சமயத்தாரும் இருந்தனர் என்பதால், இதை ஒரு சமயத்தின் வழக்கமாக மட்டும் கருத இயலாது.

பழனியைச் சுற்றிய ஊர்களுக்கு மற்றொரு வழியும் இருந்தது. போகர் என்னும் சித்தர் ஒன்பது பாடாணங்களைச் சேர்த்து, நவபாடாணம் எனப்படும் கலவையால் மூலவர் திருமேனியைச் செய்தார் என்பது மரபு. அத்திருமேனிமேல் இரவில் சாத்தப்பெற்று மறுநாள் காலையில் வழங்கப்படும் இராக்காலச் சந்தனத்தையும், அதனுடன் கிடைக்கும் கௌபீன தீர்த்தத்தையும் பிணி தீர்க்கும் மருந்தாகவே பக்தர்கள் ஏற்றனர்.

மந்திரிப்பும் பிரசாதமும் போதாதபோது வைத்தியர் நாடி பார்த்தார். மணிக்கட்டின்மேல் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை வைத்து முறையே வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றின் நடையையும் உணர்வது சித்த மருத்துவ முறை. அன்னம், கோழி போல நடப்பது வாதம் என்றும், ஆமை, அட்டை போல ஊர்வது பித்தம் என்றும், தவளை, பாம்பு போலச் செல்வது கபம் என்றும் நூல்கள் பிரிக்கின்றன. இவ்வளவு நுட்பமாகத் துடிப்பைக் கேட்பதற்கு நேரம் தேவைப்பட்டது. அஞ்சியவரின் கையை ஒருவர் பொறுமையுடன் பற்றியிருந்ததே அச்சத்தில் பாதியைத் தணித்திருக்கக்கூடும் என்று கொள்வது மிகையாகாது. ஆனால் மந்திரித்தலுக்கு ஒரு பெருங்குறை உண்டு. முடக்குவாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய இளம்பெண்ணுக்கும், இரத்தசோகையோ தைராய்டு மிகையோ உள்ளவருக்கும், வெறும் அச்சத்தால் துடிப்பு மிகுந்தவருக்கும் ஒரே திருநீறே இடப்பட்டது. முதல் இரு வகையினர் காலம் தாழ்த்தியதால் இழந்தது எவ்வளவு என்பதற்குக் கணக்கு எழுதியவர் எவருமில்லை.

மேலைநாட்டு மருத்துவமும் இக்குழப்பத்திலிருந்து மெல்லவே மீண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் படபடப்பும் நெஞ்சுவலியும் மிகுந்திருந்ததை மருத்துவர் டா கோஸ்டா 1871இல் விரித்தெழுதியபோது, அது இதயத்தின் எளிதில் கிளர்ச்சியுறும் தன்மையாகவே கொள்ளப்பட்டது. இங்கிலாந்தின் பர்ன்லி என்னும் நெசவாலை நகரில் பொது மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்கென்சி, இடையிடையே தவறித் துடிக்கும் நாடியுடையவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, அவர்களுள் பலருக்குத் தீங்கு நேரவில்லை எனக் கண்டறிந்தார். பெரிய ஆய்வகங்களைவிட, ஒரே ஊரில் நிலைத்திருந்து நோயாளிகளை வயோதிகம் வரை பார்த்தவருக்கே இவ்வுண்மை புலப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. ஐந்தோவன் உருவாக்கி 1924இல் நோபல் பரிசு பெற்ற இதய மின்வரைவு, மக்கள் வழக்கில் இ.சி.ஜி., துடிப்பைத் தாளில் பதித்து, ஆபத்தானதை ஆபத்தற்றதிலிருந்து பிரிக்க உதவியது.

பழனி வட்டாரத்தில் 1955இல் ஒட்டன்சத்திரத்தில் கிறித்தவ ஐக்கிய மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1980களில் பழனியில் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியோ பின்னர் சென்னை அரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டது. ஆங்கில மருத்துவத்தின் வரவால் வரிசை தலைகீழானது: முன்பு அச்சத்தைத் தீர்த்துவிட்டு உடலைப் பார்த்தனர், இப்போது இதயத்தைப் பார்த்து, 'ஒன்றுமில்லை' என்று அனுப்பினர், அச்சத்தைக் கேட்பார் இல்லை. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு வரும் படபடப்புக்கு இப்புதிய வரிசையே சரியானது. மற்றவர்க்கோ அது பாதி மருத்துவமே. 1980இல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் திடீர்ப் பீதி தனி நோயாக இடம்பெற்றதும், இந்தியாவில் 1982இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கியதும் எஞ்சிய பாதிக்கு வழிகோலின.

துடிப்பைச் சாவின் அறிகுறியெனத் தவறாகப் பொருள்கொள்வதே துடிப்பை மேலும் கூட்டுகிறது என்று டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார். அதனையொட்டிய சிகிச்சையில், மருத்துவர் இதயத்தைச் சோதித்து இசைவளித்த பின், நோயாளியைப் படியேறச் செய்து, வேண்டுமென்றே துடிப்பை எழுப்பி, அது தானே தணிவதைக் காணச் செய்கின்றனர். பழனி மலையின் ஏறத்தாழ 690 படிகளை ஏறி மூச்சிரைத்து நிற்போர் எவரும் அத்துடிப்பை நோயென்று எண்ணுவதில்லை. அதே துடிப்பு மறுநாள் இரவில் வீட்டில் படுத்திருக்கையில் வரும்போதுதான் அவர்கள் தாயத்தையோ இ.சி.ஜி.யையோ தேடுகின்றனர்.