லயத்துக் காம்பராவும் குடும்பக் கட்டுப்பாடும்

கினிகத்தேனைக் கணவாயைக் கடந்து அட்டன், தலவாக்கலை வழியே மேலேறினால் அக்கரப்பத்தனைக்கு அப்பால் டயகம தோட்டம் வரும். மலையகத்துக் குடும்பக் கட்டுப்பாட்டு வரலாற்றில் அத்தோட்டத்துக்குத் தனியிடம் உண்டு. 1958இல் இலங்கையுடன் உடன்படிக்கை செய்துகொண்ட சுவீடன் அரசு, தன் முன்னோடித் திட்டத்துக்கு பண்டாரகமையையும் டயகமவையும் தேர்ந்தெடுத்தது. கொழும்பில் குடும்பத் திட்டச் சங்கம் 1953இலேயே தோன்றியிருந்தது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் சிவா சின்னத்தம்பி என்ற தமிழ்ப் பெண் வைத்தியர் என்பதை நம்மவர் மறந்தே போனோம்.

கருத்தடை மாத்திரை அப்போது இங்கு வந்திருக்கவில்லை. ஆணுறை, நுரை மாத்திரை, கருப்பை வாயை மூடும் இறப்பர் மூடி, நாள் பார்த்து விலகியிருத்தல் ஆகியவையே வழிகள். இவற்றுள் பெரும்பாலானவை கணவனும் மனைவியும் பேசி இணங்காமல் நடவாதவை. ஆனால் எங்கே பேசுவது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிள்ளைகளோடு மாமன் மாமியும் படுத்திருப்பர். இறப்பர் மூடியைக் கழுவுவதற்கும் பொதுப் பீலித் தண்ணீர்தான். வெள்ளைக்கார நிபுணர்களின் கையேடுகள் இந்தக் காம்பராவை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை அல்ல.

1965இல் குடும்பக் கட்டுப்பாடு அரசின் கொள்கையாயிற்று. லூப்பும் மாத்திரையும் வந்தன. 1980இல் நிலைமை மாறியது. நிரந்தரக் கருத்தடை செய்துகொள்வோருக்கு முதலில் 100 ரூபாவும் பின்னர் 500 ரூபாவும் வழங்கப்பட்டன. தோட்டத் தொழிலாளிக்கு அது பல வாரக் கூலி. ஆண்களும் அப்போது முன்வந்தனர். பின்னாளில் அறுவைச் சுமை பெண்ணிடமே தங்கிவிட்டது.

நம் தொகையைக் குறைக்கவே இது என்ற ஐயம் மலையகத்தில் இன்றும் உண்டு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகத்துக்கு அந்த ஐயம் எழுவதில் வியப்பில்லை. எனினும் கணக்கையும் பார்க்க வேண்டும். 1963இல் நாட்டின் சனத்தொகையில் 10.6 வீதமாயிருந்த இந்தியத் தமிழர் 1981இல் 5.5 வீதமாயினர். பணக்கொடை தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அந்த வீழ்ச்சிக்குப் பெருங்காரணம் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் தலைமன்னார்க் கப்பலுமே.

என் வினா வேறு. கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டங்களில் மூத்த பெண்களிடம் விசாரித்திருக்கிறேன். ஒப்பமிட்ட நாளையும், கையில் கிடைத்த தொகையையும், எத்தனையாம் நாளில் மீண்டும் கூடை சுமந்தோம் என்பதையும் அவர்கள் துல்லியமாகச் சொன்னார்கள். வேறு வழிகளும் உண்டென்று யாரேனும் சொன்னார்களா என்று கேட்டேன். அப்படி யாரும் சொன்னதாக அவர்களுக்கு நினைவில்லை.