நேகலே விதி: பிரசவத் தேதிக் கணிப்பின் வரலாறு

"பத்து மாதம் சுமந்து பெற்றவள்" என்பது தமிழ் வழக்கு. ஆங்கில நாள்காட்டியில் எண்ணினால் ஒன்பது மாதமும் சில நாள்களும்தான் வரும். ஆனால் மாதத்துக்கு 28 நாள் என்று கொண்டால் பத்து மாதம் சரியாக 280 நாள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து இன்றைய மருத்துவம் எண்ணுவதும் இதே 280 நாளைத்தான். பண்டைய ரோமானியரும் பத்து மாதம் என்றே சொன்னார்கள்.

கருத்தரித்த நாள் வெளியே தெரியாது, மாதவிடாய் நின்றதுதான் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் லெய்டன் நகர மருத்துவப் பேராசிரியர் ஹெர்மன் போயர்ஹாவ (1668–1738), பெரும்பாலான பெண்கள் மாதவிடாயை அடுத்த ஒரு வாரத்துக்குள் கருத்தரிக்கிறார்கள் என்று கருதினார். ஹைடல்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்ஸ் கார்ல் நேகலே (1778–1851) இக்கருத்தை எடுத்துக்கொண்டு எளிய கணக்காக்கினார். 1830இல் மருத்துவச்சிகளுக்காக அவர் எழுதிய பாடநூல் வழியாக அது பரவியது. மாதவிடாய்த் தேதியிலிருந்து மூன்று மாதம் பின்னால் போய் ஏழு நாள் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17.

மருத்துவச்சி விரல்விட்டே எண்ணிவிடலாம் என்பது இதன் பலம். ஆனால் மாதங்கள் ஒரே நீளமுடையவை அல்ல. சாதாரண ஆண்டில் ஜனவரி 10 முதல் அக்டோபர் 17 வரை 280 நாள். மே 10 என்று தொடங்கினால் விதி காட்டும் பிப்ரவரி 17 வருவதற்கு 283 நாள் ஆகிறது. ஏழு நாளை மாதவிடாயின் முதல் நாளோடு கூட்டுவதா, கடைசி நாளோடு கூட்டுவதா என்பதும் நெடுநாள் தெளிவில்லாமல் இருந்தது. முதல் நாள் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது.

இந்தச் சில நாள்களை வைத்துச் சொத்தும் பட்டமும்கூடக் கைமாறியிருக்கின்றன. இங்கிலாந்தில் கார்ட்னர் என்ற கடற்படைத் தளபதி 1802 ஜனவரி 30இல் மனைவியைப் பிரிந்து கப்பலேறி, ஜூலையில் திரும்பினார். டிசம்பர் 8இல் குழந்தை பிறந்தது. பிரிந்த நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 311 நாள், திரும்பிய நாளிலிருந்து எண்ணினால் ஐந்து மாதம். பிரபுப் பட்டம் யாருக்கு என்ற வழக்கு 1825இல் பிரபுக்கள் சபைக்கு வந்தபோது, கர்ப்பம் அத்தனை நாள் நீளுமா என்பதில் சாட்சி சொன்ன மருத்துவர்களே பிளவுபட்டு நின்றார்கள். பட்டம் இரண்டாம் மனைவியின் மகனுக்குப் போனது. நம் நாட்டிலும் 2024 வரை நடப்பில் இருந்த, 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 112ஆம் பிரிவில் இதே எண்ணைக் காணலாம்: திருமண உறவு முறிந்து 280 நாளுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறக்கும் குழந்தை, அந்தக் கணவனுடையதாகவே கொள்ளப்படும். சட்டம் எழுதியவர்கள் மருத்துவச்சியின் சராசரிக் கணக்கை எல்லைக்கோடாக்கிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

போயர்ஹாவவின் ஊகம் எங்கே தவறியது என்பதை ஜப்பானின் கியூசாக்கு ஓகினோ 1924இல் காட்டினார். ஆஸ்திரியாவின் ஹெர்மன் கினௌஸ் சில ஆண்டுகளில் தனியாக அதே முடிவுக்கு வந்தார். கருமுட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு. ஆகவே 28 நாள் சுழற்சி உள்ளவருக்கே பழைய கணக்கு பொருந்தும். 35 நாள் சுழற்சி என்றால் ஒரு வாரம் பிசகும்.

குழந்தையையே அளந்து பார்க்கும் வழி கிளாஸ்கோவில் பிறந்தது. இயன் டொனால்டு குழுவினர் மீயொலிப் படங்களை 1958இல் வெளியிட்டனர். அதே நகரின் ஹியூ ராபின்சன் 1973இல், கருவின் உச்சந்தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தைக் கொண்டு வயதைச் சொல்லலாம் என்று காட்டினார். முதல் மூன்று மாதங்களில் கருக்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் இந்த அளவு சில நாள் பிசகுக்குள் அமைகிறது. பிந்திய மாதங்களில் குழந்தைக்குக் குழந்தை உருவம் மாறுபடும். ஆகவே தாமதமாக எடுத்த ஸ்கேனை நம்பி முதல் ஸ்கேனின் தேதியை மாற்றுவதில்லை.

வயது தவறினால், நுரையீரல் முதிராத குழந்தையை முன்கூட்டியே வெளியே எடுக்க நேரலாம், அல்லது நாள் கடந்த குழந்தையைக் கவனிக்காமல் விட நேரலாம். அதனால்தான் மருத்துவமனைச் சீட்டில் எல்.எம்.பி., இ.டி.டி. என்று இரண்டு தேதிகள் முதல் வரியிலேயே இடம்பெறுகின்றன. முதல் கேள்வி இன்றும் நேகலே கேட்டதுதான். 9 முதல் 13 வாரங்களுக்குள் எடுத்த ஸ்கேன் ஒரு வாரத்துக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேனின் தேதியே ஏற்கப்படும். எந்த முறையில் கணித்தாலும் குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்று அளவில்தான்.