தோல் சாலும் தோல் பையும்



நம்ம ஸ்ரீரங்கத்துக்குக் காவிரியும் கொள்ளிடமும் இருக்கு. வாய்க்கால் எட்டாத மணப்பாறைப் பக்கம் கிணறுதான் கதி. பம்புசெட் வருமுன்னே மாடு பூட்டி, கமலையில் தோல் சாலால்தான் தண்ணி இறைத்தார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோல், கையாலேயே தைத்தது. 1903-ல் சென்னை கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் தோல் செய்யத் தொடங்கினார். அதிலும் சால் தைத்தார்கள், நெடுநாள் உழைத்தது.

சால் தைத்தவரைக் கிணற்றருகே விடாத ஊர்கள் உண்டு. அந்தச் சால் இறைத்த தண்ணியில் விளைந்ததை மட்டும் எல்லாரும் சாப்பிட்டார்கள்.

இன்று கைத்தையல் பைக்கு, மெழுகு தடவிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிரே இழுக்கிறோம். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். அதனால் விலை பேசும்போது கூச்சப்படாதீங்க. இது ஊருக்குச் சோறு போட்ட வேலை.