எச்.ஐ.வி. உடையோரின் காசநோய்ச் சிகிச்சை: தமிழக ஆய்வுகளின் வரலாறு

திருப்பரங்குன்றம் அருகே தோப்பூர் ஆஸ்டின்பட்டியில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை உள்ளது. காசநோயாளிகளை ஊருக்கு வெளியே தங்கவைத்துக் கவனித்த காலத்தை நினைவூட்டும் இடம் அது. அந்த வழக்கத்தை மாற்றியது 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்). அங்கு 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையிலும் மற்றவர்க்கு வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தனர். வீட்டில் இருந்தோருக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் ஏறக்குறைய அதே அளவில் குணமாயினர். குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலக நாடுகளின் சிகிச்சை முறையையே மாற்றியது.

ஆனால் வீட்டில் மருந்து என்றால், அதை விழுங்குவதை யார் பார்ப்பது? தினமும் மருத்துவமனைக்கு வந்தால் கூலி போய்விடும். வாரம் இருமுறை மருந்தும் பலன் தரும் என்று 1960களில் சென்னை ஆய்வுகள் காட்டின. 1997 முதல் விரிவடைந்த தேசியத் திட்டம் வாரம் மும்முறை மருந்தை ஏற்றது.

இதற்கிடையே 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளில், இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் மாதிரிகள் அவை. எச்.ஐ.வி. நோய் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால், உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி எளிதில் தலைதூக்கும். இவர்களுக்கும் அதே மும்முறை மருந்து போதுமா?

சௌமியா சுவாமிநாதன் தலைமையில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஆய்வில், 327 பேருக்கு வாரம் மும்முறை மருந்து 6 அல்லது 9 மாதங்கள் தரப்பட்டது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து அவர்களுக்கு அதுவரை கிடைத்திருக்கவில்லை. அரசு அதை இலவசமாகத் தரத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்றுதான். எந்தக் கால அளவாயினும், 36 மாதங்களுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இறந்தனர். சிகிச்சை தோற்ற 19 பேரிடமும் முதன்மை மருந்து வகையான ரிஃபமைசினுக்குக் கிருமி பணியாத நிலை உருவாகியிருந்தது. ஏழைகளின் வசதிக்காக வகுத்த முறை, அவர்களிலும் நலிந்தோரைக் கைவிட்டது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

அடுத்த ஆய்வு 2009 முதல் 2016 வரை நடந்தது. 331 பேரில், தினமும் மருந்து உண்டோரில் 91 விழுக்காட்டினர் நற்பலன் பெற்றனர். வாரம் மும்முறை உண்டோரில் 77 விழுக்காட்டினரே. மருந்துக்குப் பணியாத கிருமி புதிதாக உருவான நால்வரும் மும்முறைப் பிரிவினர். 2017இல் நாடு முழுவதும் தினசரி மருந்து நடைமுறைக்கு வந்தது.

பழைய கேள்வி திரும்பவும் வந்தது. இம்முறை விடையாக வந்தது கைப்பேசி. மாத்திரை அட்டையைப் பிரித்ததும் தெரியும் எண்ணுக்கு நோயாளி 'மிஸ்டு கால்' கொடுக்க வேண்டும். சிறுநீர்ச் சோதனையோடு ஒப்பிட்டபோது, அந்த அழைப்புப் பதிவு பல வேளைகளில் உண்மை நிலையைக் காட்டவில்லை.