மூன்று தலைமுறை வாழ்ந்தவர் வழிப்போக்கரா?



வேறொரு நாட்டில் குடியேற நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்விகள் மூன்று. விசா எப்படிக் கிடைக்கும்? எத்தனை காலம் தங்கலாம்? குடியுரிமை எப்போது கிடைக்கும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரே நாடு இருவேறு மனிதர்களுக்கு எப்படி வெவ்வேறு பதில் சொன்னது என்பதையே இன்று பார்க்கப் போகிறோம். கரிபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசுதான் அந்த நாடு.

அகலத் திறந்த கதவு

அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஆகிய இடங்களிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் பலர் வெயிலையும் கடற்கரையையும் நாடி அங்கே குடியேறுகிறார்கள். அவர்களை வரவேற்பதற்காகவே 2007-ஆம் ஆண்டில் 171-07 என்ற சட்டம் இயற்றப்பட்டது. மாதம் 1,500 அமெரிக்க டாலர் ஓய்வூதியம் வருவதாகக் காட்டினால் போதும். வாடகை, வட்டி போன்ற நிலையான வருமானம் உள்ளவர் 2,000 டாலர் காட்ட வேண்டும். 2 இலட்சம் டாலர் முதலீடு செய்பவருக்கும் தனி வழி உண்டு. பிறப்புப் பத்திரம், காவல்துறை நற்சான்று ஆகியவற்றோடு தம் நாட்டிலுள்ள தூதரகத்தில் வசிப்பிட விசா பெற்று, அங்கே போய் மருத்துவப் பரிசோதனையையும் முடித்துவிட்டால் வசிப்புரிமை விரைவாகவே கிடைத்துவிடும். வீட்டுச் சாமான்களுக்கு இறக்குமதி வரிகூடக் கிடையாது.

இதில் தவறேதும் இல்லை. வருமானம் உள்ளவர்களை வரவேற்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் அதே நாட்டில் இன்னொரு கதவும் இருந்தது. அந்தக் கதவின் வரலாற்றைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரும்பு அழைத்து வந்த மக்கள்

இஸ்பனியோலா என்ற ஒரே தீவை இரண்டு நாடுகள் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. மேற்கே ஹைத்தி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு. 1822 முதல் 1844 வரை ஹைத்தியே தீவு முழுவதையும் ஆண்டது. அந்த ஆட்சியிலிருந்து பிரிந்துதான் டொமினிக்கன் குடியரசு விடுதலை பெற்றது. பழைய கசப்பின் வேர் அங்கே இருக்கிறது.

1916-இல் அமெரிக்கப் படை டொமினிக்கன் குடியரசைக் கைப்பற்றி 1924 வரை ஆண்டது. அக்காலத்தில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. குறைந்த கூலிக்குக் கரும்பு வெட்ட ஹைத்தியிலிருந்து ஆட்கள் வந்தனர். தோட்டத்தின் நடுவே 'பாத்தேய்' எனப்படும் குடியிருப்புகளில் அவர்கள் தங்கினர்.

1937 அக்டோபரில் சர்வாதிகாரி ட்ருஹில்லோவின் உத்தரவின் பேரில் எல்லைப் பகுதியில் ஹைத்தியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். பார்ஸ்லி கீரையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லைச் சரியாக உச்சரிக்காதவர்கள் ஹைத்தியர் என்று இனங்காணப்பட்டதாகச் சொல்வார்கள். அதனால் அதைப் 'பார்ஸ்லி படுகொலை' என்றே அழைக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு அந்த மக்களை வரவழைப்பதை ட்ருஹில்லோ ஆட்சி நிறுத்தியதா? இல்லை. 1952-இல் இரு அரசுகளும் ஒப்பந்தமே செய்துகொண்டன. தலைக்கு இவ்வளவு என்று ஹைத்தி அரசுக்குப் பணம் கொடுத்து, ஆண்டுதோறும் ஆட்களைக் கொண்டு வந்தார்கள். 1986-இல் ஹைத்தியில் டுவாலியே ஆட்சி கவிழும் வரை இது நீடித்தது. வந்தவர்களில் பலர் அங்கேயே தங்கினர், மணம் முடித்தனர், பிள்ளைகள் பெற்றனர்.

பத்து நாள் பயணி

அந்தப் பிள்ளைகள் யார்? 1929-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் இதற்குத் தெளிவாகவே பதில் சொன்னது. அந்த மண்ணில் பிறந்தவர் அனைவரும் குடிமக்கள். அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகளும், வழிப்பயணத்தில் இருப்பவர்களின் பிள்ளைகளும் மட்டுமே விதிவிலக்கு. வழிப்பயணி என்பவர் பத்து நாளுக்குள் நாட்டைக் கடந்து போகிறவர் என்பது 1939-ஆம் ஆண்டுக் குடிநுழைவு விதி.

ஆனால் காலப்போக்கில் அந்தச் சொல்லின் பொருளை இழுத்து நீட்டினார்கள். இருபது, முப்பது ஆண்டுகள் கரும்பு வெட்டியவரும் 'வழிப்பயணி' ஆனார். 2004-இல் வந்த குடிநுழைவுச் சட்டம், தற்காலிகத் தொழிலாளர்களும் ஆவணம் இல்லாதவர்களும் வழிப்பயணிகளே என்று எழுதியது. பெற்றோரின் குடிநுழைவு நிலை பிள்ளையின் மேல் ஏறாது என்று 2005-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்புக்குக் காரணம், பிறப்புப் பதிவு மறுக்கப்பட்ட இரண்டு சிறுமிகளின் வழக்கு.

இந்தப் போராட்டத்தில் முன்னின்றவர் சோனியா பியர் என்ற அம்மையார். கரும்புத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவர். 13 வயதில் தோட்டத் தொழிலாளர்களின் உரிமைக்காக ஊர்வலம் நடத்திக் கைதானவர். 2011-இல் அவர் மறைந்தார். அதனால் அடுத்து வந்த இடியை அவர் பார்க்கவில்லை.

2013 தீர்ப்பு

1984-இல் அந்நாட்டில் பிறந்த ஒரு பெண் அடையாள அட்டை கேட்டுப் போனார். கையில் முறையான பிறப்புப் பத்திரம் இருந்தது. அட்டை தரவில்லை, பத்திரத்தையும் பறித்துக்கொண்டார்கள். அவர் நீதி கேட்டு வழக்காடினார். 2013 செப்டம்பர் 23-ஆம் நாள் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பெற்றோர் வழிப்பயணிகள், ஆகவே அவர் குடிமகள் அல்லர். அதோடு நிற்கவில்லை. 1929 முதல் உள்ள பதிவேடுகள் அனைத்தையும் ஆராய்ந்து, அவரைப் போன்றவர்களைக் களையெடுக்கவும் உத்தரவிட்டது. பதின்மூன்று நீதிபதிகளில் இருவர் மட்டுமே மாறுபட்டனர். இருவரும் பெண்கள்.

பாதிக்கப்பட்டோர் 2 இலட்சத்துக்கும் மேல் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் அப்போது மதிப்பிட்டது. அடையாள அட்டை இல்லாதவர் அங்கே பல்கலைக்கழகத்தில் சேர முடியாது; முறையான வேலைக்குப் போக முடியாது; வாக்களிக்க முடியாது.

உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 2014 மே மாதம் 169-14 என்ற சட்டம் வந்தது. ஏற்கெனவே பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்குக் குடியுரிமையைத் திருப்பித் தருவதாக அது கூறியது. பட்டியலில் பெயர் வந்தும் பத்திரத்துக்காக அலைந்தவர்கள் பலர். பிறப்பே பதிவு செய்யப்படாதவர்களின் நிலை இன்னும் மோசம். தாம் பிறந்த நாட்டில் தம்மை 'அயல்நாட்டார்' என்று பதிந்துகொண்டு, பின்பு குடியுரிமைக்கு மனுச் செய்ய வேண்டும். குறித்த காலத்துக்குள் அப்படிப் பதிந்தவர்கள் 8,755 பேர் மட்டுமே.

பத்திரத்தின் அருமை

டொமினிக்கன் குடியரசின் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. ஹைத்தியின் வறுமையும் கலவரமும் எல்லை தாண்டி வருகின்றன. எல்லாரையும் ஏற்க எங்களால் இயலாது என்கிறார்கள். நாளை வருகிறவரைத் தடுப்பதற்கு அது காரணமாகலாம். நேற்றே பிறந்து, நேற்றே பதிவு பெற்றவரை இன்று வெளியே நிறுத்துவதற்கு அது எப்படிக் காரணமாகும்? ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றலாமா?

ஓய்வூதியத்தோடு விமானத்தில் வந்து இறங்கியவருக்கு அந்த நாடு கேட்டது வருமானச் சான்று. கரும்பு வெட்டியவரின் பேத்தியிடம் கேட்டது, பாட்டன் எந்தத் தாளோடு வந்தான் என்பதை. பாட்டனைத் தாளில்லாமல் கொண்டு வந்தவர்கள் தோட்டக்காரர்களும் அரசாங்கங்களும்தான். தண்டனை மட்டும் பேத்திக்கு.

நேயர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அலமாரியில் உள்ள பிறப்புப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் எழுத்துப் பிழை இருந்தால் காலம் தாழ்த்தாமல் திருத்துங்கள். அக்கம்பக்கத்தில் பதிவு செய்யாத குழந்தை இருந்தால் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லி, முடிந்தால் உடன் சென்று உதவுங்கள். அந்தத் தாளின் அருமை, அது பறிக்கப்பட்டவர்களுக்குத்தான் முழுமையாகத் தெரியும்.