அயோத்திதாசப் பண்டிதர் வாழ்வும் எழுத விழையும் நம் இளைஞரும்

நமது கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், எழுத வேண்டும் என்னும் வேட்கை நம் இளைஞர் பலரிடம் தோன்றியிருப்பதைக் கண்டு மகிழ்கிறோம். "எழுத்தாளராவதற்கு என்ன செய்தல் வேண்டும்?" என அவர்கள் நம்மை வினவுகின்றனர். அறிவுரைகளை அடுக்குவதினும் ஒரு பெரியாரின் வாழ்க்கையை எடுத்துக்காட்டுவதே தக்க விடையாகும் எனக் கருதுகிறோம். அவர் அயோத்திதாசப் பண்டிதர்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராக ஏற்றார். சித்த மருத்துவம் அவர்தம் தொழில். தமிழோடு ஆங்கிலம், வடமொழி, பாலி ஆகிய மொழிகளையும் கற்றார். அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஆங்கில அதிகாரி ஒருவர் இல்லத்தில் பணிபுரிந்தவர். தம்மிடமிருந்த திருக்குறள் ஏடுகள் எல்லிஸ் துரையின் கைக்குச் சேரக் காரணமாயிருந்தவர். இச்செய்தியைப் பண்டிதரே எழுதி வைத்துள்ளார். பணியாளர் வீட்டிலும் ஏடு இருந்தது. அதன் அருமை அறிந்து காத்தவரும் இருந்தனர். நம் முன்னோர் எழுத்தறியாதவர் என்று கூறுவோர்க்கு இஃதொன்றே போதிய விடையன்றோ?

எழுத்தும் இதழும் நம்மவர்க்குப் புதியனவல்ல. 1869இல் 'சூரியோதயம்' தோன்றிற்று. 1885இல் 'திராவிட பாண்டியன்' வெளிவந்தது. அதனை நடத்துவதில் பண்டிதரும் பங்கு கொண்டார். 1893இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இடையே 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் கோயில் நுழைவு, இலவசக் கல்வி, தரிசு நிலம் ஆகியவற்றைப் பண்டிதர் கோரினார். கோயிலைப் பற்றிய கோரிக்கைக்கு மறுப்பே கிடைத்தது. பிறர் மேடையில் தம் குரல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவர் நேரில் கண்டார்.

1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 62. இளமை கடந்துவிட்டது என அவர் எண்ணவில்லை. ஒரு பைசா என்பது அணாவில் நாலில் ஒரு பங்கு. அக்காலத்து ரூபாயில் 64இல் ஒரு பங்கு. ஏழை உழைப்பாளியும் வாங்கத்தக்க விலையை இதழின் பெயரிலேயே வைத்தார். தாம் யாருக்காக எழுதுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்ட பின்னரே அவர் பேனாவை எடுத்தார் என்று இதனால் அறிகிறோம். 1908இல் இதழின் பெயர் 'தமிழன்' என்றாயிற்று. கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர் முதலிய ஊர்களிலும், கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதற்கு வாசகர் இருந்தனர். அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியது 1920இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே இம்முயற்சி நிகழ்ந்தது என்பதை நம் இளைஞர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறையும் வரை, ஏறத்தாழ ஏழாண்டுகள், பண்டிதர் இதழை நடத்தினார். ஏழாண்டு என்றால் 350 வாரங்களுக்குக் குறையாது. ஊக்கம் வரும்போது எழுதுவோம் என்றிருப்பவரால் இஃது இயலுமா? நம் ஆரணியில் தறியில் அமர்பவர் ஒவ்வோர் இழையாக ஊடை செலுத்தியே சேலையை முடிக்கிறார். எழுத்தும் அத்தகைய உழைப்பே.

அவர் எழுதிய முறையும் கருதத்தக்கது. பிறர் தம் மக்களுக்கு இட்ட பெயரையும் கூறிய வரலாற்றையும் அவர் அவ்வாறே ஏற்றுக்கொள்ளவில்லை. மணிமேகலை, வீரசோழியம், நிகண்டுகள், ஓலைச்சுவடிகள், வாய்மொழி வழக்குகள் ஆகியவற்றைத் துருவி ஆராய்ந்தார். வாசகர் விடுத்த வினாக்களுக்கு இதழிலேயே விடை தந்தார். அவர் கூறிய சொல்மூலங்கள் அனைத்தையும் இன்றைய ஆய்வாளர் ஒப்புக்கொள்வதில்லை. அதனை மறைத்தல் அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. கேள்வி கேட்கும் துணிவை அவரிடம் கற்போம். கிடைத்த விடையை மீண்டும் சோதிக்கும் கடமையையும் உடன் மேற்கொள்வோம்.

பண்டிதர் மறைந்தபின் நிகழ்ந்தது நமக்கெல்லாம் எச்சரிக்கையாகும். 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் 'தமிழன்' இதழை நடத்தினார். பின்னர் அதுவும் நின்றது. தமிழ் இதழியல் வரலாறு பேசியோர் பலர் பல்லாண்டுகள் பண்டிதரின் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. ஆயினும் அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைக் குப்பையில் எறியாது காத்து வைத்தனர். ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என வெளியிட்டது. இடையே சென்றவை 85 ஆண்டுகள்! எழுதியவர் ஒருவர், காத்தவர் பலர். காப்போர் இல்லையேல் எழுதியதும் எழுதாததற்குச் சமமே.

இளைஞர்களே! ஆரணியைப் பட்டால் உலகம் அறியும். ஆனால் இவ்வூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் உழைத்து வாழ்ந்த நம் பாட்டன் பாட்டியரின் வாழ்வை எந்நூலில் காண்கிறோம்? நம் தெருவில் முதன்முதலாகப் பள்ளி சென்றவர் யார்? வாசலில் தடுக்கப்பட்டவர் யார்? இவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் கூறுவதை அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். நாளும் ஆண்டும் குறியுங்கள். மற்றொருவரிடமும் கேட்டுச் சரிபாருங்கள். எழுதியதில் ஒரு படியைச் சங்கத்திடம் ஒப்படையுங்கள். அதனைக் காப்பது எங்கள் பொறுப்பு.

புகழ் வரலாம், வராமலும் போகலாம். பண்டிதர் அதற்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த வார இதழுக்கே அவர் ஆயத்தமானார். அவ்வுறுதி நமக்கும் வாய்ப்பதாக! நம் வரலாற்றை நாமே எழுதுவோம். எழுதியதை நாமே காப்போம்.