உடல் எடையும் பக்கவாதத்திற்குப் பிந்தைய செயல்மீட்சியும்: இரண்டு அளவுகோல்களின் வரலாறு

பக்கவாதத்திலிருந்து உயிர் பிழைத்தவர் தாமே உண்ணவும் உடுத்தவும் நடக்கவும் மீளும் திறனுக்கும் அவரது உடல் எடைக்கும் உள்ள தொடர்பு, வெவ்வேறு நோக்கங்களுக்காகப் பிறந்த இரண்டு அளவுகோல்கள் ஒன்றுசேர்ந்த பிறகே முறையான ஆய்வுக்குரியதாயிற்று. அவற்றுள் முந்தையது, கிலோகிராமில் எடுத்த எடையை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறை எண் ஆகும். வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1832இல் கண்டறிந்த பெல்ஜிய வானியலாளர் அடோல்ஃப் கெட்லே, சராசரி மனிதனின் அளவுகளைத் தேடிக்கொண்டிருந்தவர். நோயாளிகள் அவர் கருத்தில் இல்லை. 1972இல் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்செல் கீஸும் உடன் ஆய்வாளர்களும் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியபோதும், மக்கள் தொகுதிகளை ஒப்பிடும் கருவியாகவே அதைப் பரிந்துரைத்தனர்.

மற்றொன்று மருத்துவமனைப் படுக்கையருகே பிறந்தது. அமெரிக்காவின் மேரிலாந்தில் நாட்பட்ட நோயாளிகளைக் கவனித்துவந்த ஃபுளோரன்ஸ் மஹோனியும் டோரதியா பார்தலும் 1965இல் வெளியிட்ட பார்தல் குறியீடு, உண்ணுதல், குளித்தல், மலசலக் கட்டுப்பாடு, படியேறுதல் முதலிய பத்துச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண் வகுத்தது. இதில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கும் நடப்பதற்கும் மட்டும் தலா 15 என மிகுதியான மதிப்பெண் தரப்பட்டது. உடல் எடை பெருஞ்சுமையாகும் செயல்களுள் இவ்விரண்டும் அடங்கும் என்பதால், பருத்தவர் தேறுவது கடினம் என்ற எதிர்பார்ப்பு இயல்பானதாகவே இருந்தது.

அந்த எதிர்பார்ப்பை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. எடின்பரோவைச் சேர்ந்த மார்ட்டின் டென்னிஸ் தலைமையில் பல நாடுகளில் நடந்த ‘ஃபுட்’ ஆய்வு, 2003இல் 3012 நோயாளிகளின் நிலையை ஆராய்ந்தபோது, அனுமதிக்கப்பட்ட வேளையிலேயே ஊட்டம் குன்றியிருந்த 275 பேரில் 37 விழுக்காட்டினரும், இயல்பான ஊட்டநிலை கொண்டோரில் 20 விழுக்காட்டினரும் பின்னர் இறந்திருந்தனர். பிழைத்தும் பிறரைச் சார்ந்து வாழும் நிலையும் மெலிந்தோரிடமே மிகுந்திருந்தது. ஜெர்மனியின் பவேரியாவில் 1521 பேரைப் பின்தொடர்ந்து, வோல்ஃப்ராம் டோனர் குழுவினர் 2013இல் வெளியிட்ட முடிவுகளில், எடை மிகுந்தோரே இயல்பான எடையினரைவிட நெடுநாள் வாழ்ந்து நன்கு செயல்பட்டனர். இதய நோய் ஆய்வுகளில் முன்னரே புழங்கிவந்த ‘உடற்பருமன் முரண்’ என்ற தொடர், அதாவது நோயை வரவழைக்கும் பருமனே நோய் வந்தபின் காப்பதுபோல் தோன்றும் நிலை, பக்கவாதத்திற்கும் இவ்வாறு வந்து சேர்ந்தது.

இதற்கு வலுவான மறுப்பு டென்மார்க்கிலிருந்து வந்தது. அங்கு 71,617 பக்கவாத நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை, முதல் மாதத்தில் பக்கவாதத்தாலேயே நேர்ந்த இறப்புகளை மட்டும் தனித்து எடுத்துப் பார்த்தபோது முரண் காணப்படவில்லை. இறப்பைப் பற்றிய இம்மறுப்பு செயல்திறன் பற்றிய கேள்வியை முடித்துவைக்கவில்லை எனினும், மெலிவு என்பது புற்றுநோய், முதுமைத் தளர்ச்சி போன்ற மறைந்த நோய்களின் அடையாளமாகவும் இருக்கலாம் என்ற ஐயத்தை அது வலுப்படுத்தியது. அளவீட்டிலேயே உள்ள குறையும் இங்குக் கருதத்தக்கது: எழுந்து நிற்க இயலாதவரின் உயரம் பெரும்பாலும் உறவினர் சொல்லியோ கண்மதிப்பாலோ குறிக்கப்படுவது; ‘ஃபுட்’ ஆய்வில்கூடப் பலரது ஊட்டநிலை மருத்துவர் பார்த்து மதிப்பிட்டதே.

எடை எதனால் ஆனது என்பதை உடல் நிறை எண் சொல்வதில்லை. ஒரே எண்ணில் ஐரோப்பியரைவிட ஆசியர்க்குக் கொழுப்பு மிகுதி என்பதை ஏற்று, 2004இல் உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழு ஆசியர்க்கு 23, 27.5 ஆகிய எல்லைகளைப் பரிந்துரைத்ததால், பவேரியாவின் ‘எடை மிகுந்தோர்’ என்ற வகையை இந்திய நோயாளிக்கு அப்படியே பொருத்த இயலாது. செயலிழந்த கை கால்களில் தசை விரைந்து கரைவதால், 1989இல் இர்வின் ரோசன்பர்க் முதுமையின் தசை இழப்புக்கு இட்ட ‘சார்கோபீனியா’ என்னும் பெயர் பக்கவாத ஆய்விலும் இடம்பெற்றது. கேள்வியும் கொழுப்பிலிருந்து தசைக்கு நகர்ந்தது.

இந்நகர்வு தெளிவாகத் தெரியும் நாடு ஜப்பான். 2000ஆம் ஆண்டு முதல் காப்பீட்டின்கீழ் இயங்கும் அந்நாட்டு மீட்புநிலை மறுவாழ்வுக் கூடங்களில், 18 செயல்களை ஏழு படிகளில் அளக்கும் செயற்சார்பின்மை அளவை பரவலாகக் கையாளப்படுவதால், எடையையும் செயல்மீட்சியையும் இணைத்துப் பார்ப்பது எளிதாயிற்று. அக்கூடங்களில் எடை குறைந்தவர்களாகச் சேர்ந்தோருள், தங்கியிருந்த காலத்தில் எடை கூடியவர்கள் அன்றாடச் செயல்களில் கூடுதலாகத் தேறினர் என்று நாடு தழுவிய ஓர் ஆய்வு காட்டியது. ஆயினும் அது கூர்நோக்கு ஆய்வு மட்டுமே. உண்ணுதலே அவ்வளவையின் முதற்செயலாக இருப்பதால், எடை கூடியதால் கை தேறியதா, கை தேறித் தாமே உண்ணத் தொடங்கியதால் எடை கூடியதா என்பதை அதைக்கொண்டு பிரித்தறிய இயலாது.